அப்பிள் தோட்டத்தில் பங்கு: ஏக்கருக்கு 1,200 கன்றாம், நம்பலாமா?

கணக்குப்புத்தகம் | நவம்பர் 16, இரவு 9.40

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். விவசாயம் என்றால் பல்கனியில் நிற்கும் இரண்டு கறிவேப்பிலைச் சாடிகள்தான், அதிலும் ஒன்று பட்டுப்போய்விட்டது.

கனடாவில் இருக்கும் அத்தானுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும் வழியில் அவருடைய சிநேகிதர் ஒருவருக்கு 3 ஏக்கர் காணி இருக்கிறது. முந்தி உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட நிலம். அங்கே "நவீன உயர் அடர்த்தி அப்பிள் தோட்டம்" போடப் போவதாக ஒருவர் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கூட்டம் வைத்தார். அத்தான் சொன்னதால் நானும் போய் உட்கார்ந்தேன். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கம்பியில் கொடி ஏற்றியது போல வரிசையாக மெலிந்த மரங்கள், மேலே ட்ரோன், கீழே சொட்டு நீர்க் குழாய், கைப்பேசியில் மண் ஈரம். ஏக்கருக்கு 1,200 கன்று, மூன்றாம் வருடம் காய், மரத்துக்கு 20 கிலோ. அதை 3 ஏக்கரால் பெருக்கி, புறக்கோட்டையில் ஒரு அப்பிள் விற்கும் விலையாலும் பெருக்கிக் காட்டினார்கள். அந்தத் தொகையை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கேள்வி சின்னதுதான். 1,200 மரம் ஒரு ஏக்கரில் நிற்குமா? நின்றால் காய்க்குமா? தேநீர் இடைவேளையில் இதைக் கேட்டேன். "மேடம், இது புது டெக்னோலொஜி" என்றார். சமோசா நன்றாக இருந்தது.

கொள்ளுப்பிட்டிச் சந்தி | நவம்பர் 16, இரவு 9.52

அந்தச் சமோசாவுக்கு இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கோ.

கணக்குப்புத்தகம் | நவம்பர் 16, இரவு 10.03

இன்னும் ஒரு சதமும் இல்லை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

தெற்குத்தோட்டம் | நவம்பர் 17, காலை 5.15

சொந்த ஊர் கொட்டாஞ்சேனை, இப்போது நியூசிலாந்து ஹோக்ஸ் பேயில் அப்பிள் தோட்ட வேலை. பத்து வருடமாயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ அக்கா.

1,200 பொய் இல்லை. வரிசைக்கு வரிசை 12 அடி, மரத்துக்கு மரம் 3 அடி. அப்போ ஒரு மரத்துக்கு 36 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி, பிரித்துப் பாருங்கோ, 1,210 வரும். பழைய தோட்டங்களில் 25 அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு எழுபது மரம்தான். நல்ல தோட்டத்தில் முழுக் காய்ப்புக்கு வந்தபிறகு மரத்துக்கு 18, 20 கிலோ எடுப்பதும் உண்மை. மூன்றாம் வருடம் கொஞ்சம் காய் பார்க்கலாம், 20 கிலோ பார்க்க முடியாது. அவர் ஆறாம் வருடக் கணக்கை மூன்றாம் வருடத்தில் எழுதிவிட்டார்.

இந்த நெருக்கம் ட்ரோனாலோ சொட்டு நீராலோ வந்தது இல்லை. ஒட்டுக்கட்டையால் வந்தது. அப்பிளை விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. ஒரு மரத்தின் வேர்ப்பகுதியில் இன்னொரு மரத்தின் முளையை ஒட்டுவார்கள். மேலே இருப்பது பழம் எப்படி என்று முடிவு செய்யும், கீழே இருப்பது மரம் எவ்வளவு உயரும் என்று முடிவு செய்யும். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மோலிங் ஆராய்ச்சி நிலையத்தில் நூறு வருடத்துக்கு முன் தரம் பிரித்து எண் போட்டார்கள். அதில் ஒன்றான எம்9 தான் உலகம் முழுக்க இந்த நெருக்க நடுகைக்கு அடிப்படை. மரத்தைக் குள்ளமாக வைத்திருக்கும், சக்தியைக் கட்டையில் போடாமல் காயில் போடும், சீக்கிரம் காய்க்கும். ஆனால் வேர் மேலோட்டமாக ஓடும், ஒட்டு இடத்தில் முறியவும் செய்யும். தூண் நட்டுக் கம்பி கட்டாமல் எம்9 நட்டால், காய் பாரத்தோடு முதல் பெரிய காற்றில் வரிசையே சாயும். அந்தக் கம்பி அழகுக்குக் கட்டியது இல்லை. செலவில் ஒரு பெரிய பங்கு அதில் போகும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: ஒட்டுக்கட்டையின் பெயர் என்ன? எம்9 ஆ, எம்எம்106 ஆ, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் நியூயோர்க் மாநிலத்து ஜெனீவாவில் உருவாக்கிய ஜி.41 மாதிரி ஏதாவதா? பெயர் சொல்லத் தெரியாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கோ. எம்எம்106 என்றால் மரம் நல்ல பெரிதாக வரும், 3 அடியில் நட்டால் ஐந்தாம் வருடம் காடுதான்.

மலைநாட்டான் | நவம்பர் 17, காலை 7.30

நான் விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நுவரெலியா, பண்டாரவளை, பொரலந்த என்று முப்பது வருடம் அலைந்திருக்கிறேன். இப்போது மகளோடு தெஹிவளையில்.

தம்பி சொன்ன ஒட்டுக்கட்டை சரி. அதற்கும் முதல் ஒன்று இருக்கிறது மகள், குளிர். அப்பிள் மரம் இலை உதிர்த்துத் தூங்க வேண்டும். எவ்வளவு நேரம் குளிரில் இருந்தோம் என்று மொட்டு எண்ணிக்கொண்டே இருக்கும். 7.2 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் சேரும். கடையில் பார்க்கும் ரெட் டிலிஷியஸ் போன்றவற்றுக்கு இப்படி ஆயிரம் மணித்தியாலம் அளவில் தேவை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். ஆனாலும் வருட முழுவதும் சராசரி 16 பாகை அளவில்தான் நிற்கிறது. தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும், பத்திரிகைக்காரர் படம் எடுப்பார்கள், எட்டு மணிக்கு வெயில் வரும், முடிந்தது. ஐரோப்பியக் குளிர்காலம் என்பது நவம்பர் முதல் மார்ச் வரை இரவும் பகலும். நம்முடையது நாலு மணி நேரக் குளிர்.

குளிர் போதாவிட்டால் மரம் சாகாது. அதுதான் ஆபத்து. செழிப்பாகத்தான் நிற்கும். ஆனால் எல்லா மொட்டும் ஒன்றாக எழும்பாது. ஒரு கிளை பூக்கும்போது மற்றது தூங்கும். பூப்பதே ஒரு மாதம், இரண்டு மாதம் இழுக்கும். மருந்து எப்போது அடிப்பது, பறிப்பது எப்போது என்று ஒன்றும் நிலை இருக்காது. வீட்டு வளவில் ஒரு மரம் என்றால் அது வேடிக்கை, ஆள் வைத்து நடத்தும் தோட்டம் என்றால் தினம் நட்டம்.

சென்சர்தம்பி | நவம்பர் 17, பிற்பகல் 1.05

குறைந்த குளிரில் காய்க்கிற இனங்கள் இருக்கின்றனவே ஐயா? இஸ்ரேலில் உருவாக்கிய அன்னா, பஹாமாஸில் கண்டெடுத்த டோர்செட் கோல்டன், ஹிமாச்சலில் பிலாஸ்பூர் பக்கத்து விவசாயி ஹரிமன் சர்மா எடுத்த எச்ஆர்எம்என்-99. நான் மண் ஈரம், வெப்பநிலை அளக்கிற கருவிகள் பொருத்திக் கொடுக்கிற வேலை செய்கிறேன். தொழில்நுட்பத்தை இப்படி ஒரேயடியாக ஒதுக்குவது சரியில்லை. இலையில் ஈரம் எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்க்கும் சென்சர் இருந்தால் மருந்துச் செலவில் எவ்வளவோ மிச்சம் பிடிக்கலாம்.

மலைநாட்டான் | நவம்பர் 17, பிற்பகல் 3.20

ஒதுக்கவில்லை தம்பி. உம்முடைய இலை ஈரக் கருவியையே எடுப்போம். அப்பிளில் வரும் சொறிநோய் என்ற பூஞ்சண நோய்க்கு 1944இலேயே மில்ஸ் என்பவர் அட்டவணை போட்டுவிட்டார். 16 முதல் 24 பாகை வரை இருக்கும்போது இலை தொடர்ந்து 9 மணித்தியாலம் நனைந்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். குளிர் கூடினால் அதைவிட அதிக நேரம் வேண்டும். மற்ற நாடுகளில் அந்தக் கருவி "இன்றைக்கு ஆபத்து இல்லை, மருந்து வேண்டாம்" என்று சொல்லும் நாட்கள் நிறைய, அங்கேதான் காசு மிச்சம். ஹக்கலைப் பக்கம் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மாதங்களில் அது ஒரு வாரம் தொடர்ந்து "ஆபத்து" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கருவி பொய் சொல்லாது, ஆனால் காசும் மிச்சப்படாது.

1983இல் ஹிமாச்சலில் சொறிநோய் பரவி பழத்தை மண்ணில் புதைக்க வேண்டி வந்தது. நல்ல குளிர் நாடு அது, அங்கேயே அப்படி. கன்றை எங்கிருந்து எடுக்கிறோம், நோய் சேர்ந்து வருகிறதா என்பது அவ்வளவு முக்கியம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி நடுகைக் கன்று கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும், கட்டுநாயக்கத் தொற்றுக்காப்பு வழியாக வர வேண்டும். மகள், அந்தக் கடதாசியைக் கேட்டீர்களா?

கணக்குப்புத்தகம் | நவம்பர் 17, இரவு 8.44

கடதாசி கேட்டேன் ஐயா, "எல்லாம் நடந்துகொண்டிருக்கு" என்று பதில் வந்தது. ஒட்டுக்கட்டைக்கு "நல்ல வேர் மேடம், இறக்குமதி வேர்" என்று பதில். இனத்தின் பெயர் மட்டும் சொன்னார்: அன்னா. 3,600 கன்றும் அன்னா.

தெற்குத்தோட்டம் | நவம்பர் 18, காலை 5.02

3,600உம் ஒரே இனமா! அப்பிள் தன் இனத்து மகரந்தத்தை ஏற்காது அக்கா. பக்கத்தில் வேறு இனம் ஒன்று, அதே நாட்களில் பூக்கிறதாக நிற்க வேண்டும். அன்னாவுக்கு வழக்கமாக டோர்செட் கோல்டனை ஜோடி சேர்ப்பார்கள். இங்கே நாங்கள் வரிசைக்கு நடுவில் காட்டு அப்பிள் வகை நடுவோம், பூக்கும் இரண்டு மூன்று கிழமைக்குத் தேனீப் பெட்டி வாடகைக்கு எடுப்போம். இது தெரியாமல் தோட்டம் போடுகிறவர் அப்பிள் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை.

பழப்பெட்டி | நவம்பர் 18, காலை 10.37

இழை சூடாகப் போகுது, நானும் வருகிறேன். எங்கள் குடும்பம் முன்பு புறக்கோட்டையில், இப்போது பேலியகொடையில் பழ இறக்குமதி.

தங்கச்சி, அந்த வருமானக் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நாங்கள் அப்பிளை "எத்தனை கவுண்ட்" என்று வாங்குகிறோம். 18 கிலோப் பெட்டிக்குள் எத்தனை பழம் என்பதுதான் கவுண்ட். 100 கவுண்ட் என்றால் ஒரு பழம் 180 கிராம், 138 கவுண்ட் என்றால் 130 கிராம். எண் கூடினால் பழம் சின்னது. 100க்கும் 138க்கும் பெட்டி விலையில் பெரிய வித்தியாசம், கடையில் அதைவிடப் பெரிய வித்தியாசம். ஹோட்டலில் திரையில் காட்டின படம் எந்தக் கவுண்ட் என்று நான் பார்க்காமலே சொல்வேன்.

அதோடு, மரத்தில் 20 கிலோ தொங்கினால் 20 கிலோவும் பெட்டிக்குள் போகாது. வெயில் சுட்டது, காற்றில் கிளை உரசினது, நிறம் வராதது, கசப்புக் குழி விழுந்தது எல்லாம் கழியும். நேற்றுக் காலை ஒரு பெட்டியில் தோலுக்குக் கீழே கபிலப் புள்ளி புள்ளியாக ஒரு அடுக்கு முழுக்க. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் யார் வாங்குவது? அனுப்பினவனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு ஜூஸ் கடைக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

தெற்குத்தோட்டம் | நவம்பர் 18, காலை 11.50

அந்தக் கபிலப் புள்ளி கல்சியக் குறைவு அண்ணை. மண்ணில் கல்சியம் கொட்டிக் கிடந்தாலும் நீரோட்டத்தோடு இலைக்குத்தான் போகும், காய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. அதனால் காய் வளரும் காலம் முழுக்கப் பல தடவை கல்சியம் கரைசலை நேரே காயில் அடிப்பார்கள். மரம் துள்ளி வளர்ந்தால் இன்னும் மோசம். நைதரசன் உரம் அள்ளிப் போட்டுப் பெரிய பழம் எடுக்கப் பார்க்கிறவனுக்கு இந்தப் புள்ளிதான் பரிசு.

பழத்தின் அளவு பற்றிச் சொன்னீர்கள். இந்தத் தொழிலின் பாதி அதில்தான் இருக்கிறது, ஆனால் கூட்டம் வைக்கிறவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள், ஏனென்றால் காட்ட அழகான படம் கிடையாது.

ஒரு பூக்கொத்தில் ஐந்து ஆறு பூ வரும். நடுவில் முதலில் விரிவதை ராஜா பூ என்போம். கொத்தில் அது ஒன்றுதான் நிற்க வேண்டும். மிச்சம் எல்லாம் போக வேண்டும். விட்டால் சின்னச் சின்னப் பழமாக ஒரு கொத்து. அது மட்டும் இல்லை, அடுத்த வருடப் பூமொட்டு இந்த வருடக் காய் பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே உருவாகிறது. பிஞ்சு கூடினால் அதன் விதை சுரக்கும் ஹோர்மோன் அந்த மொட்டைத் தடுத்துவிடும். அடுத்த வருடம் மரம் வெறுமையாக நிற்கும். ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் இல்லை. வங்கிக் கடன் எடுத்தவனுக்கு அந்த இல்லாத வருடம் தாங்காது.

அதனால் நாங்கள் மரத்துக்கு எத்தனை என்று முதலே முடிவு செய்வோம். 100 பழம், பழத்துக்கு 180 கிராம் என்றால் மரத்துக்கு 18 கிலோ. அப்புறம் குறைக்கத் தொடங்குவோம். மாரிக் கவாத்தில் மொட்டை எண்ணிக் குறைப்பது முதல் கட்டம். பூவில் ஒரு மருந்து, பிஞ்சு 8 முதல் 12 மில்லிமீற்றர் வரும்போது இன்னொன்று. அந்த மருந்தின் வேலை வெப்பநிலையையும் வெயிலையும் பொறுத்தது. மூன்று நாள் மப்பு என்றால் நினைத்ததைவிட அதிகம் கொட்டிவிடும். கடைசியில் ஆட்கள் கையால். என் முதல் வருடம் அந்தக் கை வேலைதான். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, காம்பைத் தள்ளி, ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி... இரவு கண்ணை மூடினாலும் பச்சைப் பிஞ்சு உருளும். கீழே மண் தெரியாமல் பிஞ்சு கிடக்கும். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், "பாவம்டா, இவ்வளவையும் ஏன் கொட்டுகிறாய்" என்று கேட்டா.

மலைநாட்டான் | நவம்பர் 18, மாலை 4.15

கவாத்து என்று எழுதினீரே, சந்தோஷம். தேயிலைக் கவாத்துத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், கத்தி பிடித்தால் கை நடுங்காதவர்கள். ஆனால் அப்பிள் கவாத்து அதற்கு நேர் எதிர். தேயிலையில் தலையை வெட்டினால் பக்கக் கொழுந்து வரும், அதுதான் வேண்டும். இந்த மெலிந்த மரத்தில் நடுத்தண்டின் தலையை வெட்டவே கூடாது. வெட்டினால் அந்த இடத்தில் நாலு கிளை முட்டி எழும்பி நிழல் கட்டும்.

தெற்குத்தோட்டம் | நவம்பர் 19, காலை 5.20

ஐயா சொன்னது நூறு வீதம் சரி. எங்கள் விதி சின்னது. தண்டின் பருமனில் பாதிக்கு மேல் தடித்த கிளையை அடியோடு எடு, சாய்வாக ஒரு சின்னக் குச்சி மிச்சம் விட்டு வெட்டு, அதில் இருந்து மெல்லிய புதுக் கிளை வரும். அடுத்தது, நிமிர்ந்து நிற்கும் கிளை இலை போடும், வளைந்து தாழ்ந்த கிளை காய் போடும். அதனால் இளம் கிளைகளைக் கயிறு கட்டிக் கீழே இழுப்போம். மிகச் சின்னத் தளிருக்கு உடுப்புக் காயப்போடும் கிளிப். உண்மையாகத்தான், கடையில் டசின் கணக்கில் வாங்கித் தண்டில் மாட்டுவோம், தளிர் பக்கவாட்டில் விரியும்.

இதெல்லாம் வெளிச்சத்துக்காகத்தான். முழு வெயிலில் 30 வீதம்கூடக் கிடைக்காத உள்கிளையில் நல்ல பூமொட்டு வராது, பழத்தில் நிறமும் ஏறாது. பழைய பெரிய மரத்தில் உள்ளே பாதி இடம் வெறும் நிழல். மரத்தைச் சுவர் மாதிரி மெல்லியதாக வைத்தால் எல்லாப் பழத்துக்கும் வெயில். பறிக்கிறவருக்கும் கை எட்டும், ஏணி தேவையில்லை, நகரும் மேடையில் நின்று பறிக்கலாம். கமராவும் ரோபோவும் பழத்தைக் காண்பதற்கும் அந்தச் சுவர் வேண்டும்.

சென்சர்தம்பி | நவம்பர் 19, காலை 9.10

ரோபோ உண்மையிலேயே பறிக்கிறதா? வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெற்குத்தோட்டம் | நவம்பர் 19, பிற்பகல் 12.30

பறிக்கும். வேகமும் காயமும்தான் பிரச்சினை. குழாயால் உறிஞ்சிப் பறிக்கும் இயந்திரத்தை அபன்டன்ட் ரொபொட்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி 2019இல் இங்கே ஹோக்ஸ் பேயில்தான் வணிக ரீதியாக ஓட்டிக் காட்டியது. 2021இல் கொம்பனியையே மூடிவிட்டார்கள். இஸ்ரேலில் இருந்து பறக்கும் ரோபோக்களும் வந்திருக்கின்றன. இன்றைக்கும் எங்கள் அறுவடை பசிபிக் தீவுகளில் இருந்து வரும் ஆட்களின் கையில்தான். கமரா நன்றாக வேலை செய்வது எண்ணுவதில். வண்டியில் மாட்டிக்கொண்டு வரிசையில் ஓட்டினால் பூ எவ்வளவு, பிஞ்சு எவ்வளவு என்று மரம் மரமாகச் சொல்லிவிடும். முன்பு பத்து மரத்தை எண்ணி ஆயிரம் மரத்துக்கு ஊகித்தோம்.

2023 பெப்ரவரியில் கேப்ரியல் சூறாவளி வந்தது. ஆறு உடைத்து மரத்தின் இடுப்பு வரை சேறு. கமரா, சென்சர், கம்பி எல்லாம் சேற்றுக்குள். அந்த மாதம் மண்வெட்டிதான் எங்கள் தொழில்நுட்பம். சரி, அது வேறு கதை.

விதைநெல் | நவம்பர் 19, இரவு 9.58

எல்லோரும் சேர்ந்து ஊரில் ஒன்றும் விளையாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போல. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவில் பாத்து, மாலாங் பக்கம் அப்பிள் விளைகிறதே? அது பூமத்திய கோட்டுக்குப் பக்கம். அங்கே எந்தக் குளிர்காலம்? 2022இல் டொலர் இல்லாமல் அப்பிள் ஒன்றை நகைக்கடையில் பார்ப்பது போலப் பார்த்த நாடு இது. இங்கேயே விளைவித்தால் என்ன குறைந்துவிடும்?

மலைநாட்டான் | நவம்பர் 20, காலை 6.50

நல்ல கேள்வி. இந்த இழையில் யாராவது பாத்துவைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

அங்கே குளிரை நம்பி இல்லை. அறுவடை முடிந்த சில கிழமையில் மரத்தின் இலை எல்லாவற்றையும் கையால் உருவி விடுவார்கள். மொட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதற்கு முன்பே இலை போய்விடுவதால், அது தூங்காமலே விரிந்துவிடும். கிளைகளையும் வளைத்துக் கட்டுவார்கள். இப்படி வருடத்துக்கு இரண்டு அறுவடை. மரம் முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும், ஏனென்றால் தூங்கப் போகவே விடவில்லை. வெப்பநாட்டு விவசாயியின் மூளைக்கு இது ஒரு சான்று, நான் மெச்சுகிறேன்.

ஆனால் இலை உருவ ஆள் எத்தனை வேண்டும்? ஒரு மரத்தை ஒரு இலை விடாமல் உருவுவது கொழுந்து பறிப்பதைவிட மெதுவான வேலை. உருவின பிறகு வரும் இளம் இலைக்கு நல்ல வெயில் காலம் வேண்டும். நமக்குத் தென்மேல் மழை ஒரு பக்கம், வடகீழ் மழை மறுபக்கம். பாத்துவிலேயே வெப்பம் கூடி, மண் களைத்து, பல விவசாயிகள் அப்பிளை வெட்டித் தோடை நட்டுவிட்டார்கள்.

குளிருக்குப் பதிலாக மொட்டை எழுப்ப ஹைட்ரஜன் சயனமைட் என்ற மருந்தும் அடிப்பார்கள். கையாளுகிறவர் அந்த நாட்களில் மதுபானம் தொட்டால் ஆள் விழுந்துவிடுவார், அவ்வளவு பொல்லாதது. நான் அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டேன்.

ஒன்றும் விளையாது என்று நான் சொல்லவில்லை. 20 மரம் நட்டுப் பார் என்கிறேன், 3,600 வேண்டாம் என்கிறேன். அதற்கும் முன் ஒரு வெப்பமானியை அந்தக் காணியில் தொங்கவிடு என்கிறேன்.

சென்சர்தம்பி | நவம்பர் 20, காலை 8.15

அதை நான் தருகிறேன் அக்கா, இரவலாக. மணிக்கு நாலு தடவை வெப்பநிலை எழுதும் சின்னக் கருவி, பற்றரி ஒரு வருடம் நிற்கும். வெயில் நேரே படாமல் வெள்ளைத் தட்டடுக்குக் கூட்டுக்குள், நிலத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் தொங்க வேண்டும். 7.2க்குக் கீழே மணித்தியாலம் எண்ணுவது பழைய முறை. சூடான நாடுகளுக்கு 1987இல் இஸ்ரேல் ஆட்கள் போட்ட டைனமிக் மொடல் என்ற குளிர்க் கணக்கு முறை இன்னும் பொருந்தும், ஏனென்றால் இரவில் சேர்ந்த குளிரைப் பகல் வெயில் அழித்துவிடுவதையும் அது கணக்கில் எடுக்கும். தரவை அனுப்புங்கோ, இரண்டும் போட்டுத் தருகிறேன்.

(ஐயா, அன்றைக்குக் கோபமாக எழுதினேனோ என்று யோசித்தேன். மன்னிக்கவும்.)

மலைநாட்டான் | நவம்பர் 20, காலை 8.40

கோபம் எங்கே தம்பி. நான் ஓய்வு பெறும்போது அலுவலகத்தில் நாலு வருடமாகப் பழுதான மழைமானி ஒன்று இருந்தது. உம்மைப் போல ஒருவர் அப்போது கிடைக்கவில்லை.

பழப்பெட்டி | நவம்பர் 20, பகல் 11.25

விதைநெல் தம்பிக்கு ஒரு வார்த்தை. உள்ளூர் அப்பிள் வந்தால் முதலில் வாங்குகிறவன் நான்தான். ஆனால் யாரோடு போட்டி என்று தெரிந்துகொள்ளுங்கோ. சீனத்து ஃபுஜி இன அப்பிளைப் பிஞ்சிலேயே கடதாசிப் பைக்குள் கட்டுவார்கள், ஒவ்வொரு பிஞ்சாக. பறிக்கச் சில கிழமைக்கு முன் பையைக் கழற்றினால் வெயில் பட்டு ஒரே சீராகச் சிவக்கும். அப்புறம் களஞ்சியம். ஒரு பாகை அளவில் குளிர், ஒட்சிசனை 21 வீதத்தில் இருந்து ஒன்று இரண்டு வீதத்துக்கு இறக்கி அறையை மூடிவிடுவார்கள். பழம் மூச்சு விடுவதே குறைந்துபோகும். இன்னொரு வாயுவும் உண்டு, 1-எம்சிபி, 2002இல் இருந்து அமெரிக்க அப்பிளில் பாவிக்கிறார்கள். பழத்தைப் பழுக்க வைக்கும் எதிலீன் வாயு போய் ஒட்டும் இடத்தில் இது முதலே போய் ஒட்டிக்கொள்ளும், பழம் பழுக்கச் சொல்லும் குரலே கேட்காது. நீங்கள் ஆனியில் கொழும்பில் கடிக்கும் வடக்கு நாட்டு அப்பிள் போன புரட்டாதியில் பறித்தது. அதற்குள் தெற்கில் நியூசிலாந்து, தென்னாபிரிக்கா புதுப் பழம் வந்துவிடும். அதனால் எங்களுக்கு அப்பிள் இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

ஹக்கலைப் பழம் குளிர் அறை இல்லாமல் லொறியில் வந்தால் பேலியகொடையில் எத்தனை நாள் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கோ. புதுப்பழம் என்ற ருசிக்கு ஹோட்டல்காரன் விலை கொடுப்பான், அது உண்மை. அவனுக்கு 20 மரம் போதும்.

தெற்குத்தோட்டம் | நவம்பர் 20, பிற்பகல் 2.10

அந்தக் களஞ்சியத்துக்குப் போவதா உடனே விற்பதா என்பதைப் பறிக்கும் நாளே முடிவு செய்கிறோம். கணக்குப்புத்தகம் அக்காவுக்குப் பிடிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஓ.எல் விஞ்ஞானத்தில் இலையில் அயடீன் விட்டு மாப்பொருள் பார்த்தோமே, அதேதான். பழத்தைக் குறுக்கே வெட்டி அயடீனில் தோய்த்தால் மாப்பொருள் உள்ள இடம் கறுக்கும். பழுக்கப் பழுக்க நடுவில் இருந்து வெளுத்துக்கொண்டு வரும். நீண்ட களஞ்சியத்துக்கு இன்னும் நிறையக் கறுப்பு இருக்கும்போதே பறிப்போம். முழுக்க வெளுத்தால் இன்றைக்கே சாப்பிடு.

கணக்குப்புத்தகம் | பெப்ரவரி 8, இரவு 8.30

எல்லோருக்கும் வணக்கம், நீண்ட நாள் வரவில்லை. அத்தானோடு மூன்று முறை சண்டை, இரண்டு முறை சமாதானம்.

டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் காணிக்குப் போனேன். சென்சர்தம்பியின் கருவியை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, போன கிழமை போய்க் கழற்றி வந்தேன். ஆறு கிழமைத் தரவு. மிகக் குறைந்தது 6.1 பாகை. 7.2க்குக் கீழே இருந்தது மொத்தம் 11 மணித்தியாலம். அன்னாவுக்கு 200, 300 வேண்டும் என்று தம்பி சொன்னான். டைனமிக் மொடலில் போட்டதை அவன் சொல்லவே விரும்பவில்லை.

அயல் காணியில் ஒரு வயதானவர் வீட்டு வளவில் ஒற்றை அப்பிள் மரம் நிற்கிறது, யாரோ எப்போதோ கொடுத்த கன்றாம். மலைநாட்டான் ஐயா எழுதியதை அங்கே கண்ணால் பார்த்தேன். ஒரே கிளையில் நுனியில் இளஞ்சிவப்புப் பூ, அதற்கு ஒரு சாண் கீழே பட்டாணி அளவில் பிஞ்சு, அதற்கும் கீழே பழுத்த பழம் ஒன்று. பக்கத்துக் கிளை முழுக்க மொட்டை, இலைகூட இல்லை. "வருடம் முழுக்க இப்படித்தான் பிள்ளை, ஒன்று இரண்டு கிடைக்கும்" என்றார். படத்தை அத்தானுக்கு அனுப்பினேன். வருமானக் கணக்கு அனுப்பியபோது நம்பாதவர், இதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை.

கூட்டம் வைத்தவருக்கு மூன்று முறை எழுதியும் ஒட்டுக்கட்டையின் பெயர் வரவில்லை. காசு கட்டவில்லை. அத்தான் இப்போது பத்து அன்னா, பத்து டோர்செட் கோல்டன், கடதாசியோடு கிடைத்தால் நடுவோம், மிச்சத்தில் காணிக்காரர் பியர்ஸும் மரக்கறியும் போடட்டும் என்கிறார். இலை உருவும் முறையை ஐந்து மரத்தில் செய்து பார்க்க வேண்டுமாம். யார் உருவுவது என்று கேட்டேன், லீவில் வந்து தானே உருவுவாராம்.

கொள்ளுப்பிட்டிச் சந்தி | பெப்ரவரி 8, இரவு 8.41

டொரண்டோவில் இருந்து இலை உருவ டிக்கட் போட்டு வருகிற முதல் ஆள்.

மலைநாட்டான் | பெப்ரவரி 8, இரவு 9.15

வரட்டும், நானும் வருகிறேன். மகள், பியர்ஸ் அந்த உயரத்தில் பழக்கப்பட்ட மரம், அதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கோ. அந்த வளவுப் பழம் ருசி எப்படி?

கணக்குப்புத்தகம் | பெப்ரவரி 8, இரவு 9.32

பெரியவர் இரண்டு பறித்துக் கையில் தந்தார். வீட்டுக்கு வந்து ஒன்றைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதிக்கு மருந்துப் பெட்டியில் இருந்த அயடீனை விட்டேன். தோலுக்குக் கீழே கறுப்பு வளையம், நடு வெள்ளை. மற்றப் பாதியைக் கடித்தேன், புளி, ஆனால் மொறுமொறு என்று இருந்தது. இரண்டாவது பழத்தை அம்மா அச்சாறுக்கு எடுத்து வைத்துவிட்டா.